சொல்லிவிட்டுப் போகிற ஊர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால் உன் அத்தானுக்கு வழக்கமான இடுப்புவலி, எனக்கு வழக்கமான தலைவலி, வாலுவுக்கு வழக்கமான வால்தனம். பன்னிரண்டு வயதானால் பெண் கொஞ்சம் அடங்குவாள் என்றார்கள். நீச்சல் வகுப்பில் சேர்த்ததிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுகிறாள். நீ எப்படி இருக்கிறாய்? அடுப்பு பற்ற வைக்கிறாயா, இல்லை மூன்று வேளையும் டீயும் பன்னும்தானா?

ஒரு உதவி வேண்டும். எங்கள் மாத இதழின் கடைசி இரண்டு பக்கத்தை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். மாதத்துக்கு ஒரு சின்ன ஊரைப் பற்றி எழுத வேண்டுமாம். "பெரிய ஊரையெல்லாம் எழுதித் தீர்த்துட்டாங்கம்மா, யாருக்கும் தெரியாத ஊரா ஒண்ணு புடிங்க" என்கிறார். உடனே உன் ஏரிக்கரை ஊர்தான் நினைவுக்கு வந்தது. பதினொரு வருஷமாக அங்கே இருக்கிறாய், அதுவும் நகராட்சித் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில். உன்னைவிட அந்த ஊர் யாருக்குத் தெரியும்?

எத்தனை ஆலை, எந்தத் தெருவில் என்ன சத்தம், மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எல்லாம் எழுது. ஏரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுது. அதில் குளிக்கலாமா? மே மாத விடுமுறையில் வாலுவை அழைத்து வரலாம் என்றிருக்கிறேன். இதுவரை அவள் தொட்டித் தண்ணீரில்தான் நீந்தியிருக்கிறாள்.

ரிப்போர்ட் மாதிரி எழுதாதே. பொய்யும் எழுதாதே. சின்ன வயதில் நீ பொய் சொன்னால் காது சிவந்துவிடும். கடிதத்தில் உன் காதைப் பார்க்க எனக்கு வழியில்லை.

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். அடுப்பு பற்ற வைக்கிறேன், டீக்காக. அத்தானை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது சங்கு. காகித ஆலையின் சங்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் ஊதும். யார் வீட்டிலும் கடிகாரம் சரியாக ஓடாது, தேவையும் இல்லை. ஆலையில் இரண்டாயிரம் பேர். அதை விட்டால் கண்ணாடிப் பாட்டில் கம்பெனி, சாயப்பட்டறைகள் நாலு, ஐஸ் தொழிற்சாலை ஒன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க லேத் பட்டறை. அந்தத் தெருக்காரர்கள் வீட்டுக்குள்ளேயும் கத்தித்தான் பேசுவார்கள். புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொண்டாலும் தெருவுக்கே கேட்கும். பாட்டில் கம்பெனியில் வேலை செய்கிறவர்களைக் கையை வைத்தே சொல்லிவிடலாம், விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன வெட்டு.

என் பக்கத்து வீட்டம்மா அங்கேதான் வேலை. இரண்டு பிள்ளைகள். ஷிப்ட் முடிந்ததும் துணி மூட்டையோடு நேராகப் படித்துறைக்குப் போய்விடுவார். சாயங்காலமானால் பாதி ஊர் அங்கேதான். கரையில் சிமென்ட் பெஞ்சுகள் பதினேழு. எந்தப் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்பது எழுதாத சட்டம்.

என் வேலை இரண்டு அறையில். மரப்பெட்டியில் இருபத்து நாலு பாட்டில். புதன்கிழமை பத்து மணிக்கு ஏரிக்குப் போகும் ஆலைக் கழிவு வாய்க்காலில் தண்ணீர் எடுத்து வந்து சோதிக்க வேண்டும். போவதற்கு அரை மணி நேரம் முன்னால் போன் செய்துவிடுவேன். சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி, சொல்லிவிட்டுத்தான் போவது. கேட்டைத் திறந்து வைத்திருப்பார்கள், டீ வந்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். டெலிபோன் பழுதானால் அந்த வாரம் நான் போவதில்லை.

அதிகாலையில் ஏரி அழகாக இருக்கும். அக்கரை தெரியாது.

வாலுவுக்கு என் அன்பு.

தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ இப்படி எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் உன்னிடம் வெறும் "நலம், நலமறிய ஆவல்" வாங்கிக்கொண்டிருக்க மாட்டேன். கத்திக் கொஞ்சிக்கொள்கிற லேத் தெருவைப் படித்து உன் அத்தான் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது தைலம் தேய்ப்பது நான்.

போன் செய்துவிட்டுப் போகும் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சோதனை போடுகிறவர்கூடச் சொல்லிவிட்டுப் போகிற ஊர். கட்டுரைக்குத் தலைப்பே அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் கேட்டதில் ஒன்றுக்குப் பதில் இல்லை. குளிக்கலாமா? வாலு இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டாள். தினமும் "மாமா எழுதிட்டாரா" என்று உயிரை எடுக்கிறாள். சீக்கிரம் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். பன்னைக் குறை.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஆபீசில் வேலை. அத்தானுக்கு இப்போது தேவலையா?

மே மாதம் வெயில் அதிகம். பேருந்தில் ஒன்பது மணி நேரம் ஆகும், வாலுவுக்கு அலுத்துப் போகும். என் அறையும் சின்னது. ஏரியைக் கேட்டிருந்தாய். காலையில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். வாய்க்கால் ரிப்போர்ட் ஆறு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறாமல் அளவுக்குள்தான் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

இதழ் வந்துவிட்டது, இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பதினொன்றாம் வரியைப் படி: "இந்த ஊரில் தண்ணீரைச் சோதிக்க வருகிறவர்கூட முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார். அத்தனை மரியாதை தெரிந்த ஊர். ஆறு வருஷமாக எல்லா அளவும் சரியாக இருக்கும் ஏரி, குளிக்க அருமையானது." எப்படி? ஆசிரியர் ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை. இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை, தெரியுமா!

இன்னும் கேள். வாலுவின் நீச்சல் ஆசிரியை கட்டுரையைப் படித்துவிட்டு, வகுப்பில் இருக்கிற பதினாறு பெண்களையும் உன் ஏரிக்கு அழைத்து வரப்போகிறாராம். மே 14 காலை வந்து சேருவோம். நானும் துணைக்கு வருகிறேன். உன் அறையில் தங்க மாட்டோம், பயப்படாதே. பள்ளிக்கூடக் கட்டடம் ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்து எழுது.

"எங்க மாமா பாஸ் பண்ணின தண்ணி" என்று வாலு எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா

ஏப்ரல் 12

தம்பி,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றால் அதையாவது எழுத வேண்டாமா?

வாசகர் கடிதங்கள் வந்தன. உன் ஊரிலிருந்து ஒன்று. எழுதியவர் காகித ஆலையில் பம்ப் ஹவுசில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, எங்கள் ஊரை நன்றாக எழுதினீர்கள். உங்கள் தம்பி தங்கமானவர். போன வருஷம் நான் ஓய்வு பெறும்வரை அவர் போன் செய்தால் எடுத்தவன் நான்தான். எடுத்ததும் கழிவுப் பம்பை நிறுத்திவிட்டு, ஆழ்குழாய்த் தண்ணீர் வால்வைத் திறந்துவிடுவேன். வாய்க்கால் தெளிய இருபத்தைந்து நிமிஷம் வேண்டும். அவர் அரை மணி கொடுப்பார். ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை. இப்படிப்பட்ட அதிகாரியை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. என் பெயரைப் போடாவிட்டாலும் என் வேலையைப் பற்றியும் நாலு வார்த்தை போட்டிருக்கலாம்."

அவர் பாராட்டுகிறாரப்பா. ஒரு குத்தல் கிடையாது அதில். நான் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை உன் ஜனவரிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நான் புரிந்துகொண்டது தப்பு என்று எழுது. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உன் காது எப்படி இருக்கிறது?

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை டெலிபோன் வேலை செய்யவில்லை. சரி, ஒரு நாள்தானே என்று அப்படியே போனேன். அதுவரைக்கும் எனக்கு நிஜமாகவே தெரியாது. டீக்காகத்தான் போன் என்று நினைத்திருந்தேன். வாய்க்காலில் கருப்பாக, நுரையோடு, அழுகின முட்டை நாற்றத்தோடு வந்துகொண்டிருந்தது. பாட்டிலில் பிடித்து வந்து சோதித்துப் பதிவேட்டில் எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டார். திட்டுவார் என்று போனால் சிரிக்கிறார். "என்னய்யா இது, ஒருத்தர் வீட்டுக்குப் போறதுன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதில்லையா? இனிமே போன் பண்ணிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கிழி என்று அவர் சொல்லவில்லை அக்கா. நானே கிழித்தேன். பாட்டிலைத் தொட்டியில் ஊற்றியதும் நான்தான். கழுவி வைத்தேன்.

ஆலையை மூடினால் இரண்டாயிரம் குடும்பம் தெருவுக்கு வருமே என்பதெல்லாம் பிறகு யோசித்துக்கொண்ட காரணம். அன்றைக்குப் பயந்தேன். அடுத்த புதன் போன் செய்தபோது குரல் நடுங்கியது. அதற்கடுத்த புதன் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

பக்கத்து வீட்டம்மாவின் பிள்ளைகளுக்குக் கை காலெல்லாம் சொறி. போன வருஷம் என்னிடம் வந்து, "ஏன் சார், தண்ணில ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அது பொய்யில்லை பார், ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. அவர் நம்பிவிட்டார். பெரிய மனுஷன் சொல்லிவிட்டேனே. நான் ஆறு வருஷமாக ஏரியில் கால் நனைத்தது கிடையாது. வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துத்தான் குளிக்கிறேன். உன் இதழ் வந்ததும் அந்தம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "உங்க அக்காவா சார்? எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க. இனிமே எங்க சொந்தக்காரங்களையும் வரச் சொல்லணும்" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காது எப்படி இருந்தது என்று நீ கேட்க வேண்டாம்.

போன் விஷயத்தை உனக்கு ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஏண்டா போன் பண்ணிட்டுப் போறே?" என்று நீயாவது கேட்பாய் என்று நினைத்தேனோ என்னவோ.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

தம்பி

ஏப்ரல் 29

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

நீச்சல் ஆசிரியையிடம் போய் நின்றேன். "பயணம் வேண்டாம்" என்றேன். "ஏன், நீங்கதானே எழுதினீங்க?" என்றார். பதினாறு வீட்டுக்கும் அவர் சொல்லியாகிவிட்டது. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து வாலுவிடம் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "மாமாவே பாஸ் பண்ணாரே?" என்று ஒன்றுதான் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆறு வருஷம்! தூங்கினாயா நீ? அந்தப் பிள்ளைகளின் சொறியைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தாயா? நம் வீட்டில் இப்படி யாரும் இருந்ததில்லை என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை. அது ஏன் என்று இன்னொரு நாள் சொல்கிறேன்.

இப்போது ஒன்றைக் கவனி. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அழுதிருக்கிறாய் போலிருக்கிறது, மை கலைந்திருக்கிறது. ஆனால் ஜனவரியில் நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. குளிக்கலாமா, கூடாதா? எனக்குக் கதை வேண்டாம். அந்தப் படித்துறைத் தண்ணீரில் என்ன இருக்கிறது? உனக்குத் தெரியுமா தெரியாதா?

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன்.

உன் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. வாய்க்காலைச் சோதித்தால் போதும், படித்துறையைச் சோதிக்கச் சொல்லி விதி இல்லை. பதினொரு வருஷமாகத் தண்ணீரைச் சோதிக்கிறேன் என்று சம்பளம் வாங்கியவனுக்கு, பாதி ஊர் குளிக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

போன புதன்கிழமை போன் செய்யாமல் போனேன். வாட்ச்மேன் கேட்டில் நிறுத்திவிட்டார். "சார், போன் வரலையே?"

"வராது. திறங்க."

"கேட்டுட்டு வர்றேன் சார், ஒரு அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் எதற்கு என்று எனக்குத் தெரியும். திரும்பி நடந்தேன். ஆலைச் சுவரை ஒட்டியே கரைக்கு ஒரு பாதை போகிறது. ஆடு மேய்க்கிறவர்கள் போகிற பாதை. சுவர் முடிகிற இடத்தில் வாய்க்கால் வெளியே வந்து ஏரியில் விழுகிறது. கேட் கிடையாது, சாவி கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் கேட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டிலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்த என் விரல்கள் தெரியவில்லை. பிறகு படித்துறைக்குப் போய் இன்னொரு பாட்டில் எடுத்தேன். அது பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. சோதித்தால் ஆலைக் கழிவு அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான்.

பதிவேட்டில் எழுதிக் கொண்டுபோனேன். மேலதிகாரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இது முறைப்படி எடுத்த சாம்பிள் இல்லையே" என்றார். சரி சார் என்று வந்து, அதே எண்களை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, படித்துறைத் தூணில் ஒட்டினேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா அதைப் படித்தார். பிள்ளைகள் இரண்டும் தண்ணீரில். நான் பக்கத்திலேயே நின்றேன், ஓடிவிடக் கூடாது என்று நின்றேன்.

"எப்போ டெஸ்ட் பண்ணீங்க சார்?"

"இன்னிக்குக் காலைல."

"நான் போன வருஷம் வந்து கேட்டேனே, அப்போ?"

"அப்போ பண்ணலம்மா. பண்ணாமயே சொல்லிட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, துண்டால் துடைத்து, துவைக்காத துணியை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு போனார். மறுநாள் தெருவில் எதிரே வந்தபோது "சார்" என்று சொல்லவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவை. அது நியாயம்தான்.

என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றிவிட்டார்கள். அட்டையை யாரோ கிழித்துவிட்டார்கள். இன்னொன்று எழுதி ஒட்டினேன்.

நீ ஜனவரியிலிருந்து கேட்டதற்குப் பதில்: குளிக்கக் கூடாது. வாலுவிடம் மாமாவே சொன்னதாகச் சொல்.

தம்பி

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய நிஜமாகவே ஆவல்.

வாலுவிடம் சொன்னேன். "இப்போ நிஜமாவே டெஸ்ட் பண்ணாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினாள். உடனே மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே, அவள் என் மகள்.

போன கடிதத்தில் ஒன்றைப் பிறகு சொல்கிறேன் என்று நிறுத்தினேன். இத்தனை நாளாக அதைச் சொல்லாமல் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் நீ எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. அதில் என் சிவப்புப் பென்சில் கோடும் இருக்கிறது. "டெலிபோன் பழுதானால் அந்த வாரம் நான் போவதில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் நான் நின்றேன் தம்பி. ஏன் போவதில்லை, கேட்டைத் தட்டினால் திறக்க மாட்டார்களா என்று தோன்றியது. தோன்றிய அதே நிமிஷம் அடித்துவிட்டேன். கட்டுரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இந்த ஒரு வரி இடறியது. அக்கா கேட்க மாட்டாளா என்று நீ காத்திருந்தாய். நான் கேட்காமல் இருந்தது, தோன்றாததால் அல்ல. நீ ஒரு பக்கத்தைக் கிழித்தாய், நான் ஒரு வரியை அடித்தேன். நம் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்று எப்படி எழுதுவேன்?

ஆசிரியரிடம் மறுப்புப் போட வேண்டும் என்றேன். "எதுக்கும்மா, யார் ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க" என்றார். பதினாறு பெண்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஐந்து வரி கொடுத்தார். அடுத்த இதழில் இப்படி வரும்:

"மார்ச் இதழில் நான் எழுதிய ஏரி குளிக்கத் தகுந்ததல்ல. நான் நேரில் போகாமல் எழுதினேன். எனக்கு வந்த கடிதத்தில் இருந்த ஒரு வரியை வெட்டிவிட்டேன். அந்த வரி இது: 'டெலிபோன் பழுதானால் அந்த வாரம் நான் போவதில்லை.' வெட்டியது என் தவறு."

கீழே என் பெயர் இருக்கிறது. உன் பெயர் இல்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல, உன் கையெழுத்து அந்தத் தூணிலேயே இருக்கிறது.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நானும் வாலுவும் அங்கே வருகிறோம். அந்தப் பக்கத்து வீட்டம்மாவிடம் நான் நேரில் பேச வேண்டும். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை, அவர் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். வாலு நீச்சலுடை எடுத்து வைக்கவில்லை.

எந்த நாள் வருவோம் என்று எழுத மாட்டேன். நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே பார்க்க வேண்டும்.

உன் அக்கா